இருமல் மருந்து: 2 வயசா, 4 வயசா, 5 வயசா? எந்த எண்ணை நம்புவது?

#1 | நூல்கண்டு

ஒரே சளி சிரப்புக்கு மூன்று எண் சுற்றுகிறது. லேபிளில் "4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது" என்று இருக்கிறது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் விட்ட அறிவுறுத்தலோ, 2 வயதுக்குக் கீழ் எழுதவும் கூடாது, கடையில் கொடுக்கவும் கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்கிறது. கோடீன் (அபின் வகை இருமல் மருந்து) கலந்திருந்தால் 12 என்கிறார்கள். தேனுக்கு 1, ஆஸ்பிரினுக்கு 16. ஐபுப்ரொஃபெனுக்கு ஓரிடத்தில் 3 மாதம், இன்னோரிடத்தில் 6 மாதம்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? எல்லாவற்றையும் ஒரே கண்டிப்போடு பிடிக்க வேண்டுமா? வயது சரி என்றானபின் எத்தனை மி.லி. என்று எப்படிக் கணக்குப் போடுவது, தப்பு எங்கே நடக்கிறது? அனுபவக் கதைகள் வேண்டாம். துறையில் இருப்பவர்கள் கணக்கோடு எழுதினால் நல்லது.

#2 | பழைய ஸ்டெத்

மூன்று எண்ணும் சரிதான். மூன்றும் வேறுவேறு கேள்விக்கான பதில்.

4 என்பது குறிப்பிட்ட ஒரு கூட்டு மருந்துக்கு வந்தது. குளோர்ஃபெனிரமின் (அலர்ஜி மருந்து) 2 மி.கி. + ஃபினைலெஃப்ரின் (மூக்கடைப்பு மருந்து) 5 மி.கி. ஒரு மி.லி.யில் இருக்கும் சொட்டு மருந்து. 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு ஜெனரல், "4 வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது" என்று லேபிளில் அச்சிடச் சொன்னார். அது லேபிள் உத்தரவு. 2, 5 என்பவை மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போன அறிவுறுத்தல், எல்லா இருமல் சளி மருந்துக்கும் பொது. அமெரிக்காவிலும் இதே இரட்டை எண் உண்டு: 2008-இல் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்றது, அதே ஆண்டு கம்பெனிகள் தாமாகவே லேபிளில் 4 என்று மாற்றிக்கொண்டன.

இப்போது முக்கியமான விஷயம். வயது வரம்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று ரகம் இருக்கிறது.

ஒன்று, அந்த வயது உடம்பில் மருந்தே விஷமாகும் என்பது தெரிந்து வைத்த வரம்பு. கோடீன் நல்ல உதாரணம். கல்லீரலில் ஒரு நொதி அதை மார்ஃபினாக மாற்றுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி அதிவேகமாக வேலை செய்யும். வழக்கமான அளவு கொடுத்தாலும் குழந்தையின் ரத்தத்தில் மார்ஃபின் ஏறி, தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடும். யாருக்கு அந்த நொதி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 12 வயதுக்குக் கீழ் கோடீன் கூடவே கூடாது என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் நிறுத்தின. ஆஸ்பிரினும் இந்த ரகம்தான். அம்மை, ஃப்ளூ போன்ற வைரஸ் காய்ச்சலில் கொடுத்தால் ரே சிண்ட்ரோம் வந்து கல்லீரலும் மூளையும் கெடும். பச்சிளம் குழந்தைக்கு கால்சியம் டிரிப் ஓடும்போது செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் போடக் கூடாது என்பதும் இதில் சேரும். இந்த வரம்புகளில் பேரம் கிடையாது.

இரண்டு, "பலன் இல்லை, ஆபத்து மட்டும் இருக்கிறது" என்ற கணக்கில் வந்த வரம்பு. இருமல் சளி மருந்து இங்கேதான் வருகிறது. சின்னக் குழந்தைக்கு சளி வைரஸால் வருகிறது, தானாகவே போகிறது. சிரப் அதை ஒருநாள்கூடக் குறைப்பதில்லை. ஆனால் அளவு தப்பினால் குளோர்ஃபெனிரமினில் மயக்கம், வலிப்பு. இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனில் மூச்சு மந்தம். 2021-இல் டெல்லியில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் சாப்பிட்டுப் படுத்த 16 குழந்தைகளில் 3 பேர் இறந்தார்கள். பலன் பக்கம் பூஜ்யம் என்றால் எந்தச் சிறு ஆபத்தும் நஷ்டக் கணக்குதான்.

மூன்று, ஆராய்ச்சி நடக்கவில்லை என்பதால் லேபிளில் வயது போட்டிருப்பது. கம்பெனி அந்த வயதில் பரிசோதனை செய்யவில்லை, அவ்வளவுதான். இந்த ரகத்தில் குழந்தை மருத்துவர் தெரிந்தே லேபிளைத் தாண்டி எழுதுவார். பச்சிளம் குழந்தை வார்டில் பாதி மருந்து இப்படித்தான் ஓடுகிறது. அது சட்டவிரோதமும் இல்லை, அலட்சியமும் இல்லை.

லேபிளில் வயதைப் பார்த்ததும் "டாக்டர் தப்பாக எழுதிவிட்டார்" என்று பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். "இது எந்த ரகம் டாக்டர்?" என்று கேளுங்கள்.

#3 | கவுண்டர் பக்கம்

ஸ்டெத் சார் சொன்னது எழுதுகிறவர் பக்கம். கொடுக்கிற பக்கம் நான் சொல்கிறேன். மருந்துக் கடையில் நடக்கும் தப்பில் பெரும்பாலானது வயது வரம்பால் வருவதில்லை. மி.கி.க்கும் மி.லி.க்கும் நடுவில் வருகிறது.

பாராசிட்டமாலை எடுங்கள். கிலோவுக்கு 15 மி.கி. ஒரு வேளைக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. இதுவரை எல்லா டாக்டரும் ஒரே பேச்சு. கடை அலமாரியில் என்ன இருக்கிறது?

சொட்டு மருந்து: 1 மி.லி.யில் 100 மி.கி. அப்படியானால் 1.5 மி.லி.
சிரப்: 5 மி.லி.யில் 125 மி.கி. (சிலதில் 120). அப்படியானால் 6 மி.லி.
டி.எஸ். (இரட்டைச் செறிவு) சிரப்: 5 மி.லி.யில் 250 மி.கி. அப்படியானால் 3 மி.லி.

மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே ஸ்ட்ராபெர்ரி வாசனை. சீட்டில் "6 மி.லி. 4 வேளை" என்று 125-க்கு எழுதியிருக்கிறது என்று வையுங்கள். வீட்டில் போனமாதம் வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது, அதே பெயர்தானே என்று 6 மி.லி. ஊற்றினால் 600 மி.கி. போகிறது. கிலோவுக்கு 60. நாலு வேளையில் 240. ஒரு நாள் முழுதுக்கும் கிலோவுக்கு 60-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள் என்று இருக்கிற மருந்து இது. இரண்டு நாள் இப்படி ஓடினால் கல்லீரல் தாங்காது. முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. "1.5 மி.லி." என்று சொட்டு மருந்துக்கு எழுதியதை சிரப்பில் அளந்தால் 37 மி.கி.தான் போகும். காய்ச்சல் இறங்காது. "இந்த மருந்து கேட்கலை" என்று மெஃபனமிக் அமிலம் (வேறொரு காய்ச்சல், வலி மருந்து) கலந்ததை வாங்கிக் கொடுப்பார்கள். மருந்து கேட்காமல் இல்லை, போகவே இல்லை.

ஆகவே சீட்டில் மி.லி. மட்டும் இருந்தால் போதாது. மி.கி. இருக்கணும், அல்லது "125/5" என்று பாட்டிலின் செறிவு இருக்கணும். இல்லையென்றால் கடையில் நின்று கேளுங்கள்: "இதில் 5 மி.லி.யில் எத்தனை மி.கி.?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர் கவுண்டரில் நின்றால் வேறு கடைக்குப் போங்கள்.

#4 | லூட்டன்வாசி

வெளிநாட்டுச் சொந்தங்கள் கொண்டுவரும் பாட்டிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. இங்கிலாந்துக் குழந்தை சிரப் 120/5. அமெரிக்காவில் முன்பு அடர்த்தியான சொட்டு மருந்து தனியாக இருந்தது, இந்தக் குழப்பத்தாலேயே 2011-இல் கம்பெனிகள் அதைக் கைவிட்டு எல்லாவற்றையும் 160/5 ஆக்கிவிட்டன. பெட்டியில் வரும் சிரிஞ்சும் அந்த நாட்டுப் பாட்டிலுக்குத்தான். அந்த சிரிஞ்சால் நம்மூர் சொட்டு மருந்தை 5 மி.லி. உறிஞ்சினால் 500 மி.கி.

#5 | வார்டு விளக்கு

அளப்பது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. வீட்டுக் கரண்டி வேண்டாம். "டீஸ்பூன்" என்று நினைத்து எடுப்பது ஒரு வீட்டில் 3 மி.லி. பிடிக்கும், அடுத்த வீட்டில் 7 பிடிக்கும். பாட்டில் மூடியில் கோடு இருந்தாலும் 2.5-க்குக் கீழ் அளக்க அது லாயக்கில்லை. ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்ச் வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் சாதாரண 5 மி.லி. சிரிஞ்ச் போதும், ஊசியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். நுனியில் இருக்கும் குட்டி மூடியையும் உடனே எறியுங்கள். அதைக் கழற்ற மறந்து அழுத்தினால் நேராகத் தொண்டைக்குள் போய் அடைக்கும்.

கொடுக்கும்போது குழந்தையைச் சாய்வாக உட்காரவைத்து, சிரிஞ்ச் நுனியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்து, அரை அரை மி.லி.யாக விடுங்கள். மூக்கைப் பிடித்து, மல்லாக்கப் படுக்கவைத்து, சங்கில் ஊற்றுவது வேண்டாம். விழுங்குவதற்கும் மூச்சு இழுப்பதற்கும் ஒரே நேரம் வந்தால் மருந்து நுரையீரலுக்குப் போகும்.

பாராசிட்டமால் கொடுத்து அரைமணி நேரத்துக்குள் முழுசாக வாந்தி எடுத்தால் அதே அளவை இன்னொரு தடவை கொடுக்கலாம். அதற்குமேல் ஆகியிருந்தால் அடுத்த வேளை வரைக்கும் காத்திருங்கள். இடைவெளி குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளை. கொடுத்த நேரத்தைக் காலண்டர் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். அம்மா ஒருதடவை, அப்பா ஒருதடவை, ஆச்சி ஒருதடவை கொடுத்து வருகிற ஓவர்டோஸ் குறைவில்லை.

3 மாதத்துக்குக் கீழான குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் சொட்டு மருந்தைத் தேட வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி. அந்த வயதில் காய்ச்சல்தான் ஒரே அடையாளமாக இருக்கும், அதை மருந்தால் மறைத்துவிட்டால் டாக்டருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

#6 | நூல்கண்டு

@கவுண்டர் பக்கம், சளி சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறதே? அதையும் காய்ச்சல் சிரப்பையும் சேர்த்துக் கொடுத்தால்?

#7 | கவுண்டர் பக்கம்

சரியாகப் பிடித்தீர்கள். சளி சிரப்பில் நிறைய வகை பாராசிட்டமால் + ஃபினைலெஃப்ரின் + குளோர்ஃபெனிரமின். முன்பக்கம் பெயர் பெரிசாக இருக்கும். பின்பக்கம் "ஒவ்வொரு 5 மி.லி.யிலும்" என்று ஆரம்பிக்கும் பொடி எழுத்தைப் படிக்கணும். அதில் பாராசிட்டமால் 125 என்று இருந்தால் நீங்கள் கூடவே காய்ச்சல் சிரப் கொடுப்பது இரட்டை வேளை. ஐபுப்ரொஃபென் + பாராசிட்டமால் கலவையும் இதே கதை. அந்த ஃபினைலெஃப்ரினாலும் பெரிய புண்ணியமில்லை. வாய்வழியாகக் கொடுத்தால் மூக்கடைப்புக்குக் கேட்பதில்லை என்று அமெரிக்க ஆலோசனைக் குழு 2023-இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

ஐபுப்ரொஃபெனுக்கு ஸ்டெத் சார் சொன்ன மாதிரி காரணத்தைத் தேடினால், அது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிற வழியைக் கொஞ்சம் சுருக்குகிறது. வாந்தி, பேதியில் வற்றிக்கிடக்கும் குழந்தைக்கு எந்த வயதிலும் ஆகாது. இங்கிலாந்தில் 3 மாதமும் 5 கிலோவும் ஆனால் கொடுக்கலாம், நம்மூரிலும் அமெரிக்காவிலும் 6 மாதம். கிலோவுக்கு 10 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருதடவை. டெங்கு ஓடுகிற மாதங்களில் இதையும் மெஃபனமிக்கையும் தொடவே வேண்டாம், ரத்தத் தட்டணு இறங்கிக்கிடக்கும்போது ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும். அம்மை போட்டாலும் அப்படியே.

நிமெசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்து 12 வயதுக்குக் கீழ் இந்தியாவில் 2011-லேயே தடை. ஆனால் பெரியவர்கள் மாத்திரையைக் கால்வாசியாக உடைத்துக் கொடுப்பது நிற்கவில்லை.

#8 | சோதனைக்கூடம்

வயதும் அளவும் சரியாக இருந்தும் கொல்லும் மருந்து ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் நின்றுபோக ஆரம்பித்தது. இருபதுக்கு மேல் இறப்பு, பெரும்பாலும் 5 வயதுக்குக் கீழ். கொடுத்தது கோல்ட்ரிஃப் என்ற சளி சிரப். தயாரித்தது நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில், எஸ்.ஆர்.-13 பேட்ச், டைஎத்திலீன் கிளைக்கால் (சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சுக் கரைப்பான்) 48.6 சதவீதம் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம். கணக்கைப் பாருங்கள்: 5 மி.லி. சிரப்பில் 5 மி.கி.க்குள் இருக்க வேண்டியது 2,430 மி.கி. இருந்திருக்கிறது.

இது எப்படி உள்ளே வருகிறது? பாராசிட்டமால் தண்ணீரில் சரியாகக் கரையாது. கரைக்க புரோபிலீன் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால் சேர்ப்பார்கள். மருந்துத் தரப் புரோபிலீன் கிளைக்கால் விலை அதிகம். தொழிற்சாலைத் தரத்தில் வருவது மலிவு, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கலாம், சிலநேரம் டிரம்மின் லேபிளே பொய்யாக இருக்கலாம். நிறம் ஒன்று, பதம் ஒன்று, இதுவும் இனிக்கும். கண்ணாலும் நாக்காலும் பிரிக்க முடியாது. கேஸ் குரோமட்டோகிராஃபி என்ற ஆய்வுக்கூடச் சோதனையில்தான் தெரியும். ஒவ்வொரு டிரம்மையும் திறந்து மாதிரி எடுத்து ஓட்ட வேண்டும், நாலில் ஒன்றை ஓட்டினால் மூணு டிரம் தெரியாமலே உள்ளே போய்விடும்.

இது புதிசும் இல்லை. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைட் டானிக்கில் நூற்றுக்கு மேல் சாவு. அதற்குப் பிறகுதான் விற்பதற்கு முன் பாதுகாப்பை நிரூபிக்கணும் என்று அங்கே 1938-இல் சட்டம் வந்தது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை. 1998-இல் குர்கான். 2020-இல் ஜம்மு உதம்பூர். 2022-இல் காம்பியா, உஸ்பெகிஸ்தான், இந்தோனேசியா. ஒவ்வொரு முறையும் கரைப்பான்தான்.

அடையாளம்: சிரப் ஆரம்பித்த ஓரிரு நாளில் வாந்தி, வயிற்றுவலி, பிறகு சிறுநீர் குறைவது. சின்னக் குழந்தை 8 மணி நேரம் டயப்பர் நனைக்கவில்லை என்றால் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மிச்ச மருந்தைக் கொட்டாதீர்கள், பேட்ச் எண்ணோடு இருக்கும் அந்தப் பாட்டில்தான் மற்றக் குழந்தைகளைக் காப்பாற்றும் சாட்சி. மருந்துப் பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, பெற்றோரே கூப்பிடலாம்.

#9 | உரைகல்

இதனால்தான் சொல்கிறோம், பாட்டில் மருந்தை விட்டுவிட்டு உரைமருந்துக்கு வாருங்கள் என்று. சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், வசம்பு. தாய்ப்பாலில் இழைத்துக் கொடுத்தால் வயிற்று உப்புசம், மாந்தம் எல்லாம் போகும். தலைமுறையாகக் கொடுத்த மருந்துக்கு வயது வரம்பு எதற்கு?

#10 | பழைய ஸ்டெத்

உரைகல் ஐயா, உங்கள் பட்டியலில் இருப்பதும் மருந்துதான். மருந்து என்றால் அளவு வேண்டும். கல்லில் இரண்டு சுற்றா, பத்து சுற்றா? ஜாதிக்காய் இழைப்பு கூடினால் குழந்தை "நல்லாத் தூங்குது" என்பார்கள். அது தூக்கமில்லை, மயக்கம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. எலிகளில் புற்றுநோய் காட்டியதால் 1968-லேயே அமெரிக்கா உணவில் சேர்க்கத் தடைபோட்டது. சித்த மருத்துவமும் வசம்பைச் சுட்டுச் சுத்தி செய்துதான் பயன்படுத்தச் சொல்கிறது, பச்சையாக இல்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். கிரைப் வாட்டரும் வேண்டாம்.

பிறந்த அன்றைக்குத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ சேனை வைக்கிறார்கள் பாருங்கள், அதில் தேன்தான் உண்மையான ஆபத்து. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் குடலில் அவை முளைக்காது, அங்கே ஏற்கெனவே கூட்டம் அதிகம். ஒரு வயதுக்குக் கீழ் குடலில் இடம் காலி. முளைத்து நஞ்சைச் சுரந்து, முதலில் மலச்சிக்கல், பிறகு இமை தொங்கி, அழுகை மெலிந்து, பால் உறிஞ்ச வலுவில்லாமல் போகும். காய்ச்சினாலும் வித்து சாகாது. பார்த்தீர்களா, இந்த 1 வயது வரம்பும் நான் சொன்ன முதல் ரகம்தான்.

ஆனால் ஒன்றை உங்கள் பக்கம் ஒப்புக்கொள்கிறேன். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவு இருமலுக்குப் படுக்குமுன் அரை டீஸ்பூன் தேன், சளி சிரப்பைவிட மேல். அதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

#11 | வார்டு விளக்கு

கூடவே மூக்கில் எண்ணெய் விடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள் டாக்டர். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு வாயால் ஊதுகிறார்கள். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே மூச்சுக்குழாயில் வழுக்கி இறங்கும். நுரையீரலில் அதைக் கரைக்க வழியில்லை. வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் போட்டும் கேட்காத நிமோனியா என்று வரும், கேட்டால் "தினமும் எண்ணெய் விடுவோம்" என்பார்கள். தொக்கம் எடுக்கிறேன் என்று ஊதுகுழாய் வைத்து உறிஞ்சுவதும் அதே ரகம்.

மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர் சொட்டு, 0.65 சதவீதம், பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு. எந்த வயதுக்கும் சரி. பெரியவர்கள் போடும் ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்தைப் போட வேண்டாம். மூக்கு வழி ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பு இறங்கி, குழந்தை துவண்டுவிடும்.

#12 | கவுண்டர் பக்கம்

சூடம்! அதை எப்படி விட்டோம். துணியில் சூடத்தை முடிந்து சட்டையில் குத்திவிடுகிறார்கள், எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கிறார்கள். சூடம் தோல் வழியும் போகும். விழுங்கினால் 10 கிலோ குழந்தைக்கு 300 மி.கி. தாண்டினாலே ஆஸ்பத்திரி வேலை, ஒரு சின்னக் கட்டி அதைத் தாண்டிவிடும். சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம், முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. 2 வயதுக்குக் கீழ் சூடம் கலந்த தைலம் எதுவும் வேண்டாம், எந்த வயதிலும் மூக்கினுள்ளே வேண்டாம். நீலகிரித் தைலமும் அப்படியே. ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் மயக்கம் வரை போகும்.

குழந்தைத் துணியில் பாச்சை உருண்டை போட்டு வைப்பவர்களுக்கும்: ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைக்கு அந்த நாஃப்தலின் வாசமே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கூட்டும்.

#13 | லூட்டன்வாசி

பல் முளைக்கும்போது ஈறில் தடவுகிற ஜெல்? இங்கே கோலின் சாலிசிலேட் ஜெல்லை 2009-லிருந்து 16 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊரில் இன்னும் சகஜமாகக் கிடைக்கிறதே.

#14 | பழைய ஸ்டெத்

சாலிசிலேட் ஆஸ்பிரினின் பங்காளி, காரணம் அதுதான். பென்ஸோகைன் ஜெல்லை 2 வயதுக்குக் கீழ் கூடாது என்று அமெரிக்கா 2018-இல் சொன்னது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைச் சுமக்காத ரகமாக மாற்றிவிடும், உதடு நீலிக்கும். லிக்னோகைன் ஜெல்லைத் தடவினால் ஈறோடு தொண்டையும் மரத்துப் புரையேறும். சுத்தமான விரலால் ஈறைத் தேய்த்துவிடுங்கள், ஃப்ரிட்ஜில் வைத்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள்.

அதோடு பஸ் பயணத்துக்கு முன் "தூங்க வைக்கிற" புரோமெத்தசின் சிரப். 2 வயதுக்குக் கீழ் மூச்சே நின்ற கேஸ்கள் உண்டு, 2004-இலிருந்து அமெரிக்க லேபிளில் கறுப்புக் கட்டம் போட்ட கடும் எச்சரிக்கை. இதுவும் முதல் ரகம்.

வாந்தி மருந்து கேட்கப்போகிறீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மெட்டோகுளோபிரமைடு ஒரு வயதுக்குக் கீழ் கூடாது, கழுத்தும் கண்ணும் இழுத்துக்கொள்ளும். டாம்பெரிடோனை பிரிட்டனில் 12 வயதுக்குக் கீழும் 35 கிலோவுக்குக் கீழும் நிறுத்திவிட்டார்கள். பேதியோடு வாந்தி என்றால் 6 மாதம் தாண்டிய குழந்தைக்கு ஆன்டான்செட்ரான் ஒரு வேளை, மற்றது ஓ.ஆர்.எஸ்.

#15 | வார்டு விளக்கு

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டுவது சாதாரணமாக நடக்கிறது. பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு. 200 மி.லி. டம்ளரில் கரைத்தால் சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோலுக்குப் பதில் 375. வற்றிக்கிடக்கும் குழந்தைக்கு அது வலிப்பு. 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டும் இருக்கிறது, பின்பக்கம் பாருங்கள். கலக்கியது 24 மணி நேரம்தான். துத்தநாக மாத்திரை 14 நாள்: 2 முதல் 6 மாதம் வரை 10 மி.கி., அதற்குமேல் 20. பேதி நின்றாலும் நிறுத்த வேண்டாம். டெட்ரா பாக்கெட்டில் வந்த இனிப்புத் தண்ணீர் ஓ.ஆர்.எஸ். அல்ல. அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது.

#16 | ஏரிக்கரை

ஒரு சந்தேகம் டாக்டர். டாக்சிசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக் 8 வயதுக்குக் கீழ் கூடாது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணிக் காய்ச்சல்) வந்த 3 வயதுக் குழந்தைக்கு எழுதுகிறார்கள். எது தப்பு?

#17 | பழைய ஸ்டெத்

எழுதுவது சரி. 8 வயது வந்தது பழைய டெட்ராசைக்கிளினால். உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் கால்சியத்தில் அது ஒட்டிக்கொண்டு பழுப்பாக்கும். டாக்சிசைக்கிளின் கால்சியத்தோடு அவ்வளவு ஒட்டுவதில்லை. 21 நாளுக்குள் என்றால் எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2018-இல் மாற்றிக்கொண்டது. ஸ்க்ரப் டைஃபஸ் கவனிக்காமல் விட்டால் நுரையீரல், மூளை என்று போய்ச் சாவில் முடியும். பல் கறை என்ற பயத்துக்காக அதைத் தள்ளிப்போட முடியாது. கிலோவுக்கு 2.2 மி.கி. இரண்டு வேளை. அசித்ரோமைசினும் வழி உண்டு. ஒரு வரம்பு எந்தக் காரணத்துக்காக வந்தது என்று தெரிந்தால், அந்தக் காரணம் போனதும் வரம்பும் தளரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

#18 | கவுண்டர் பக்கம்

ஆன்டிபயாடிக் பேச்சு வந்ததால் பொடி சிரப் பற்றி. பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சி முழுக்க ஆறிய தண்ணீர். பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்கி, நுரை அடங்கியதும் கோட்டைச் சரிபாருங்கள். நேரே கோடு வரை ஊற்றிவிட்டுக் குலுக்கினால் மட்டம் கீழே இறங்கும், அடியில் கட்டி தங்கும். கடைசி நாள் மருந்தின் செறிவு முதல் நாளைவிடக் கூடிவிடும். சூடான தண்ணீர் மருந்தைக் கெடுக்கும்.

அமாக்சிசிலின் கிளாவுலனேட் 228.5 என்றால் 5 மி.லி.யில் அமாக்சிசிலின் 200. 10 கிலோ குழந்தைக்கு 5 மி.லி. இரண்டு வேளை, ஒரு நாளுக்கு 10. பாட்டிலோ 30 மி.லி. மூணு நாளில் காலி! "பாட்டில் தீர்ந்தது, கோர்ஸ் முடிந்தது" என்று நிறுத்திவிடுகிறார்கள். டாக்டர் 5 நாள் எழுதியிருந்தால் இரண்டு பாட்டில் வாங்குங்கள், ஆனால் இரண்டாவதை அன்றைக்கே கலக்காதீர்கள். கலக்கியது ஃப்ரிட்ஜில் 7 நாள்தான்.

வைட்டமின் டி-யும் ஒரு பொறி. கைக்குழந்தைக்கு ஒரு நாளுக்கு 400 யூனிட். சொட்டு மருந்து 1 மி.லி.யில் 400-ம் இருக்கிறது, 800-ம் இருக்கிறது. 60,000 யூனிட் குட்டி பாட்டிலும் அதே அலமாரியில். அதைச் சொட்டு மருந்து என்று நினைத்துத் தினமும் ஒன்று கொடுத்தால் ஒரே நாளில் 150 நாள் மருந்து உள்ளே போகும்.

#19 | வார்டு விளக்கு

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையைப் பூட்டி வையுங்கள். ஒன்றில் 60 மி.கி. இரும்பு, பார்க்க மிட்டாய் மாதிரி. 10 கிலோ குழந்தை நாலு விழுங்கினாலே வயிறு புண்ணாகும், பத்து என்றால் உயிருக்கு ஆபத்து. முதல் 6 மணி நேரம் வாந்தி, பேதி. பிறகு குழந்தை எழுந்து விளையாடும், "சரியாப்போச்சு" என்று கூட்டிப்போய்விடுவார்கள். அந்த அமைதியான நேரத்தில்தான் இரும்பு கல்லீரலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

எதை விழுங்கியிருந்தாலும் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், விரல் விட வேண்டாம். 108. அட்டையையும் பாட்டிலையும் எடுங்கள், மிச்சம் எத்தனை என்று எண்ணுங்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்து உண்டு, 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப்பலன்.

#20 | நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி. முதல் பதிவில் சுருக்கம் சேர்த்துவிடுகிறேன். கணக்குச் சரியா பாருங்கள்: 8.2 கிலோ, பாராசிட்டமால் 15-ஆல் பெருக்கினால் 123 மி.கி. 125/5 சிரப்பில் 5 மி.லி.

#21 | கவுண்டர் பக்கம்

4.9 வருகிறது, 5-க்கு வையுங்கள், சரி. சொட்டு மருந்தில் 1.2. டி.எஸ்.-இல் 2.5. எடை எப்போது பார்த்தது?

#22 | நூல்கண்டு

தடுப்பூசி அட்டையில் இருப்பது. 9-ஆம் மாதம் பார்த்தது. குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது.

#23 | கவுண்டர் பக்கம்

இப்போது ஒன்றரை வயது என்றால் அந்த எடை பழசு. அங்கன்வாடியில் எடை பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மறுபடி பெருக்குங்கள்.